இன்ஜினை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி: நான் தாராபுரத்தில் பள்ளி ஆசிரியை. கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். எங்களுடையது 2018 மாடல் டீசல் கார், 86,000 கி.மீ. ஓடியது. இன்ஜின் முன்பக்கம் ஆயில் கசிவும், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது செயின் சத்தமும் இருந்ததால் கோவையில் கம்பெனி டீலரின் சர்வீஸ் சென்டரில் விட்டேன். டைமிங் செயின் செட் மாற்றி, கசிவை அடைத்து, 41,300 ரூபாய் வாங்கினார்கள். பதினான்காம் நாள், 700 கி.மீ. போல ஓடியிருக்கும், காங்கேயம் தாண்டி ஆயில் லைட் எரிந்தது. ஓரம் கட்டுவதற்குள் கடகடவென்று சத்தம் வந்து வண்டி நின்றுவிட்டது. டோயிங் வண்டியில் ஏற்றி அதே இடத்துக்கு அனுப்பினேன். இப்போது, "கிராங்க் போச்சு, ஹாஃப் இன்ஜின், அதாவது இன்ஜினோட கீழ்ப்பாதி, மாத்தணும், 1,92,000 ஆகும். லைட் எரிஞ்ச பிறகும் நீங்க ஓட்டினதுதான் காரணம், முன்னாடி செஞ்ச வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்கிறார்கள். எஸ்டிமேட்டில் உடனே கையெழுத்துப் போட்டால் 15 சதவீதம் தள்ளுபடியாம். இல்லையென்றால் நாளுக்கு 200 ரூபாய் பார்க்கிங். "சார் வரட்டும் மேடம், அவர்கிட்ட பேசிக்கிறோம்" என்று வேறு சொல்கிறார் அட்வைசர். வண்டியைத் தூக்கிவந்து தெரிந்த மெக்கானிக்கிடம் கழற்றிப் பார்க்கலாம் என்கிறான் தம்பி. நான் என்ன செய்ய?

பதில்: டீச்சர், முதலில் ஒன்று கேட்கிறேன். இன்ஜினை யாராவது திறந்தார்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. திறக்கவில்லை என்றால் கிராங்க், அதாவது பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, போனது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? சத்தத்தை வைத்துச் சொல்லியிருப்பார்கள். சத்தத்தை வைத்து, கிராங்கைத் தாங்கும் பேரிங் அடிக்கிறது என்று சொல்லலாம், நானே சொல்வேன். ஏன் அடித்தது என்பதைச் சத்தம் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சேம்பர் மட்டும்தான். அது திறக்கப்படும்போது நீங்கள் அங்கே நின்றிருக்க வேண்டும். மற்ற எல்லாம், நோட்டீஸ், நுகர்வோர் ஆணையம், நஷ்டஈடு, இதற்குப் பிறகுதான்.

நான் டீலர் ஒர்க்‌ஷாப்புகளில் 22 வருடம் இருந்தவன். கடைசி ஒன்பது வருடம் வொர்க்ஸ் மேனேஜர். இப்போது வாகனச் சேத மதிப்பீட்டாளராக இருக்கிறேன். மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து "சம்பந்தமே இல்லை மேடம்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அதனால் அந்த வாக்கியம் எந்த நேரத்தில் வாயில் வரும் என்பது எனக்குத் தெரியும்.

சம்பந்தம் இருக்க வாய்ப்பு அதிகம். டைமிங் செயின் மாற்ற வேண்டுமானால் இன்ஜினின் முன் கவரைக் கழற்ற வேண்டும். பல இன்ஜின்களில் அந்தக் கவரை எடுக்க அடியில் இருக்கும் சேம்பரையும் இறக்கியாக வேண்டும். திரும்ப மாட்டும்போது நிறைய வண்டிகளில் கேஸ்கெட்டுக்கு (இடையில் வைக்கும் அடைப்புத் தகடு) பதில் சிலிகான் பேஸ்ட்தான். கோலப்பொடி இழுப்பதுபோல மெல்லிய ஒரே கோடாக அதை இழுக்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் என்று கம்பெனியின் சர்வீஸ் மேனுவலிலேயே போட்டிருக்கும். அதற்கு முன் பழைய பேஸ்ட்டைச் சுத்தமாகச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைக்க வேண்டும். மாட்டிய பிறகு அது இறுக நேரம் கொடுத்து, அப்புறம்தான் ஆயில் ஊற்ற வேண்டும்.

நடப்பது என்ன? மாதக் கடைசி. அன்றைக்கு மாலை ஐந்து மணிக்கு டெலிவரி என்று அட்வைசர் சொல்லிவிட்டிருப்பார். வேலை செய்வது பயிற்சிக்கு வந்த பையன். கசிவு என்று வந்த வண்டி மறுபடி கசிந்தால் திட்டு விழும் என்று, ட்யூபைத் தாராளமாகப் பிதுக்கிவிடுவான். வெளிப்பக்கம் பிதுங்கியதைத் துடைத்துவிடுவான். உள்பக்கம் பிதுங்கியது யார் கண்ணிலும் படாது. அது ரப்பர் புழு மாதிரி இறுகி, சூட்டிலும் ஆயிலிலும் துண்டு துண்டாக அறுந்து சேம்பரில் விழும். ஆயில் பம்ப் உறிஞ்சும் இடத்தில் ஒரு வலை இருக்கிறது, ஸ்ட்ரெய்னர் என்போம். துண்டுகள் எல்லாம் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். வலை அடைத்தால் பம்புக்கு ஆயில் இல்லை. கிராங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பது நடுவே நிற்கும் மயிரிழை ஆயிலால்தான். அது போனால் உலோகத்தில் உலோகம் தேயும். அந்தத் தேய்மானம்தான் நீங்கள் கேட்ட கடகட.

என் ஷாப்பிலேயே இப்படி ஒரு வண்டி திரும்பி வந்தது. சேம்பரை இறக்கியபோது ஸ்ட்ரெய்னரில் கறுப்பாகச் சேமியா ஒட்டியதுபோல இருந்தது. அந்தப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் அழுதுவிட்டான். அந்த வண்டிக்காரருக்கு நாங்கள் முழுச் செலவும் ஏற்றோம். மனம் திருந்தி அல்ல; அவர் பக்கத்திலேயே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

உங்கள் வண்டியிலும் இதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. வேறு வழிகளும் உண்டு. ஸ்ட்ரெய்னர் குழாயின் ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) மாற்றாமல் பழையதையே போட்டிருந்தால் பம்ப் ஆயிலோடு காற்றையும் இழுக்கும். ஆயில் அளவு குறைவாக ஊற்றியிருக்கலாம். ஆயிலை இறக்கும் டிரெய்ன் போல்ட்டையோ ஃபில்டரையோ சரியாக முறுக்காமல் வழியெல்லாம் ஒழுகியிருக்கலாம். ஒவ்வொன்றும் வேறு வேறு தடயம் விடும். தடயம் நிற்பது திறந்த பிறகு முதல் ஒரு மணி நேரம்தான். சேம்பரைக் கழுவிவிட்டார்கள் என்றால் கதை முடிந்தது.

அதனால் தம்பியின் யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அவருக்கு அக்கறை அதிகம், சந்தேகமில்லை. ஆனால் வெளி மெக்கானிக் ஒரு போல்ட்டைத் தொட்டாலும், "வெளியில் கழற்றினார்கள், என்ன செய்தார்களோ எங்களுக்குத் தெரியாது" என்று டீலர் கையை உதறிவிடலாம். அந்தச் சாக்கை நாமே அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. முதல் தடவை திறப்பது அவர்கள் இடத்தில், அவர்கள் ஆள் கையால், உங்கள் முன்னிலையில் நடக்கட்டும்.

இன்றே சர்வீஸ் சென்டருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நகல் கார் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு. போனில் பேசியது எதுவும் பேசியதாகாது. இப்படி எழுதலாம்:

"என் வண்டி எண் ..., ஜாப் கார்டு எண் ... படி ... தேதியில் தங்களிடம் டைமிங் செயின் மாற்றம், ஆயில் கசிவுப் பழுது செய்யப்பட்டது. 14 நாளில், சுமார் 700 கி.மீ. ஓடிய நிலையில், ஆயில் அழுத்த விளக்கு எரிந்து இன்ஜின் நின்றது. வண்டி ... தேதி முதல் தங்கள் பொறுப்பில் உள்ளது. என் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் நேரடி முன்னிலையும் இல்லாமல் இன்ஜினின் எந்தப் பகுதியையும் திறக்கவோ, கழுவவோ, ஆயிலையும் ஃபில்டரையும் அப்புறப்படுத்தவோ கூடாது. ஏற்கெனவே திறந்திருந்தால் என்ன கழற்றப்பட்டது, யார் கழற்றியது, எடுத்த படங்கள் ஆகியவற்றைத் தெரிவிக்கவும். ... தேதி காலை 10 மணிக்கு என் தரப்பு மதிப்பீட்டாளருடன் வருகிறேன். சேம்பரை எங்கள் முன்னிலையில் இறக்க ஏற்பாடு செய்யவும். இன்ஜின் மாற்ற எஸ்டிமேட்டுக்கு நான் ஒப்புதல் தரவில்லை."

கடைசி வாக்கியம் முக்கியம். 15 சதவீதத் தள்ளுபடி எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட அடுத்த மணி நேரத்தில் இன்ஜின் இறங்கிவிடும், பழைய சாமான் ஸ்கிராப்புக்குப் போய்விடும்.

மதிப்பீட்டாளர் யார் என்று கேட்பீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயர், ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர், பொறியியல் கல்லூரியின் ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியர், இவர்களில் ஒருவர் போதும். கோவையில் இவர்களுக்குப் பஞ்சமில்லை. சில ஆயிரம் ரூபாய் கேட்பார்கள், கொடுங்கள். வழக்கு என்று போனால் நிபுணர் அறிக்கை இல்லாத புகார் பெரும்பாலும் நொண்டும். பழுது வேலையில் தவறு என்று நீங்கள் சொன்னால் மட்டும் போதாது, காட்ட வேண்டும்.

அன்றைக்கு என்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். போனில் வீடியோவை ஓடவிட்டு, முதலில் நம்பர் பிளேட், ஓடோமீட்டர். பிறகு ஆயில் குச்சியை உருவி அளவு எங்கே நிற்கிறது என்று எடுங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றியதும் அடிப்பக்கம் முழுவதும்: ஈரமாக இருக்கிறதா, டிரெய்ன் போல்ட் இறுகியிருக்கிறதா. ஆயிலைச் சுத்தமான பாத்திரத்தில் இறக்கி லிட்டர் கணக்கில் அளக்கச் சொல்லுங்கள். அரை லிட்டர் பாட்டில் இரண்டில் மாதிரி எடுத்து, ஒட்டி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று. பிறகு சேம்பர். இறக்கிய நொடியில் ஸ்ட்ரெய்னர் வலையையும், சேம்பரின் உள்விளிம்பில் பேஸ்ட் எப்படி இருக்கிறது என்பதையும் நெருக்கமாக எடுங்கள். வலையில் சிலிகான் துண்டு இருந்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். ஃபில்டரையும் வெட்டிப் பார்க்க வேண்டும். கழற்றிய எந்தச் சாமானையும் விட்டுவிட்டு வராதீர்கள். கொடுக்க மறுத்தால் பையில் போட்டு முத்திரை வைத்து அங்கேயே பாதுகாக்க எழுதி வாங்குங்கள்.

அவர்கள் வர விடவில்லை, திறக்க மறுக்கிறார்கள் என்றால்? அதையும் மின்னஞ்சலில் பதிவு செய்துவிட்டு, "... தேதி, ... மணிக்கு, ... இடத்தில் சர்வேயர் முன்னிலையில் திறக்கப் போகிறேன், உங்கள் ஆளை அனுப்புங்கள்" என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு வண்டியை எடுத்துவாருங்கள். அழைத்தும் வராதவர்கள் பிறகு "நாங்கள் பார்க்கவில்லை" என்று பெரிதாகப் பேச முடியாது. இந்த நிலையில் மட்டும் தம்பியின் மெக்கானிக் வரலாம்.

அதற்கிடையில் உங்கள் வீட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது: முதல் பில். எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். சிலிகான் ட்யூப் என்று ஒரு வரி இருக்கிறதா? சேம்பர் கழற்றி மாட்டியதற்குக் கூலி போட்டிருக்கிறார்களா? இருந்தால் "சம்பந்தமே இல்லை" என்பதற்கு அவர்கள் பில்லே பதில். ஆயில் எத்தனை லிட்டர் போட்டிருக்கிறது, உங்கள் வண்டியின் கையேட்டில் எத்தனை லிட்டர் என்று ஒப்பிடுங்கள். ஓ-ரிங், வாஷர் போன்ற அற்பச் சாமான் எதுவுமே பில்லில் இல்லை என்றால் பழையதையே மாட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு. பில்லின் பின்பக்கப் பொடி எழுத்தையும் பாருங்கள். செய்த வேலைக்கும் மாற்றிய சாமானுக்கும் இத்தனை மாதம், இத்தனை கி.மீ. உத்தரவாதம் என்று பல டீலர்கள் அச்சடித்திருப்பார்கள்.

இன்னொன்று. டெலிவரி எடுத்த பிறகு கம்பெனியிலிருந்து போன் வந்திருக்குமே, "சர்வீஸ் எப்படி இருந்தது" என்று? அதற்கு முன்பே அட்வைசர் "மேடம், பத்துக்குப் பத்து சொல்லிடுங்க, இல்லேன்னா என் இன்சென்டிவ் போயிடும்" என்று கெஞ்சியிருப்பார். நீங்களும் பாவம் என்று பத்து சொல்லியிருப்பீர்கள். நாளை ஆணையத்தில் அதை எடுத்து நீட்டுவார்கள். பயப்பட வேண்டாம். பதினான்காம் நாள் நின்றுபோன இன்ஜினுக்கு முதல் நாள் கொடுத்த மார்க் பதிலாகாது. இனிமேல் மட்டும் யாருக்கும் பத்து கொடுக்காதீர்கள்.

லைட் எரிந்த பிறகு ஓட்டியதாகச் சொல்லும் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இதில் உங்களிடம் ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். அந்தச் சிவப்பு விளக்கு ஆயில் குறைந்துவிட்டது என்று முன்கூட்டியே எச்சரிக்கும் விளக்கு அல்ல. அழுத்தம் ஏறக்குறைய முழுவதும் போன பிறகுதான் அது எரியும். அதற்குள் பேரிங்கில் சேதம் தொடங்கியிருக்கும். எனவே ஓரம் கட்டுகிற தூரம் ஓட்டியது இன்ஜினைக் கொன்றது என்ற வாதம் நிற்காது. ஆனால் விளக்கோடு பத்து கி.மீ. ஓட்டியிருந்தால் சேதத்தில் ஒரு பங்கு உங்கள் தலையிலும் விழும். எரிந்த இடம், நின்ற இடம், டோயிங்குக்குப் போன் செய்த நேரம் எல்லாவற்றையும் நினைவு மங்குவதற்குள் எழுதி வையுங்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கூட்டிக் குறைத்தால் டோயிங் ரசீதும் போன் பதிவும் காட்டிக் கொடுத்துவிடும்.

வண்டியைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை உண்டா? ஓரளவு உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170, பொருளின் மீது உழைப்பைச் செலுத்தியவர் கூலி வரும்வரை பொருளை நிறுத்தி வைக்கலாம் என்கிறது. உங்கள் முதல் பில் கட்டியாகிவிட்டது. இரண்டாவதாக எந்த வேலையும் நடக்கவில்லை. ஆகவே இப்போது பிடித்து வைக்க அவர்களிடம் காரணம் இல்லை. பார்க்கிங் கட்டணம் பெரும்பாலும் மிரட்டல். நீங்கள் எங்கே, எப்போது அதற்கு ஒப்புக்கொண்டீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வேறு வழியில்லாமல் ஏதாவது கட்டித்தான் வண்டியை எடுக்க வேண்டியிருந்தால், ரசீதின் நகலில் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதி, அதையே மின்னஞ்சலிலும் போட்டுவிடுங்கள். கேட் பாஸோடு சேர்த்து நீட்டும் "வேலையில் திருப்தி" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பிரிவு 151-ம் உங்களுக்கு உதவும். ஒப்படைக்கப்பட்ட பொருளைச் சாதாரண விவேகமுள்ள மனிதன் தன் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோலப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அது. "வண்டி உரிமையாளர் பொறுப்பில்" என்று போர்டு மாட்டினால் அந்தக் கடமை கரைந்துபோகாது.

இன்சூரன்ஸ் பக்கம் போகாதீர்கள். இயந்திரக் கோளாறு சாதாரண பாலிசியில் வராது. நீட்டித்த வாரண்டி எடுத்திருந்தால் மட்டும் தேடிப் பாருங்கள். போலீஸும் வேண்டாம், இது சிவில் தகராறு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கார் கம்பெனியையும் சேர்த்துக் கேட்கலாமா? எழுதுங்கள், நிச்சயம் எழுதுங்கள். ஏரியா சர்வீஸ் மேனேஜர் ஒருவர் வந்து பார்த்தால் டீலர் குரல் தானாக இறங்கும். ஆனால் ஆணையத்தில் கம்பெனியின் தலையில் கட்டுவது கடினம். டீலரும் கம்பெனியும் தனித்தனி வணிகர்கள், டீலர் செய்த எல்லாத் தவறுக்கும் தயாரிப்பாளர் தானாகவே பொறுப்பாகிவிட மாட்டார் என்று 2021-இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களுடையது தயாரிப்புக் குறை அல்ல, பழுது வேலையின் குறை. முதல் எதிர்தரப்பு டீலர்தான்.

ஸ்ட்ரெய்னரில் சிலிகான் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உடனே மேலாளர் அறைக்குள் காபி வரும். "பாதி நாங்க, பாதி நீங்க" என்பார்கள். என் கருத்து, ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் தவறு கண்ணெதிரே கிடக்கும்போது பாதி ஏன்? பழைய இன்ஜினுக்குப் புது ஹாஃப் இன்ஜின் கிடைக்கிறதே, தேய்மானத்துக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்கிறோம் என்றால் அதில் பேச இடமுண்டு. அதுவும் சிறு தொகைக்கு. வலை சுத்தமாக இருந்து, ஆயிலும் சரியான அளவில் இருந்தால் உங்கள் கை தாழ்ந்துவிடுகிறது. அப்போது பாதிக்குப் பாதி நல்ல பேரம்.

சமரசம் எழுத்தில் வரும்போது மூன்று விஷயம் அதில் இருக்க வேண்டும். முதலாவது, பேரிங் தேய்ந்து பறந்த உலோகப் பொடி ஆயில் கூலரிலும் வழிகளிலும் உட்கார்ந்திருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல், தேவைப்பட்டால் கூலரை மாற்றாமல், புது இன்ஜினை மாட்டினால் அதுவும் போகும். இரண்டாவது, டர்போவும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது. அதையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் சோதித்து எழுதித் தர வேண்டும். மூன்றாவது, செய்த வேலைக்கு ஒரு வருடமாவது உத்தரவாதம். "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்ற வாசகம் இருந்தால் அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பேச்சு முறிந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். செலவில்லை. சில டீலர்கள் அதற்கே இறங்கி வருவார்கள். பிறகு பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து ஒரு நோட்டீஸ், ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில். சட்டம் நோட்டீஸைக் கட்டாயமாக்கவில்லை, ஆனாலும் அனுப்புவது நல்லது. அதற்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. கோவைக்கு அலைய வேண்டாம். நீங்கள் கொடுத்த கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் என்பதால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேல் இழுக்கும் என்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள். பழுதுச் செலவு, டோயிங், சர்வேயர் கட்டணம், வாடகைக் கார் ரசீதுகள், மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை என்று கேளுங்கள். இருபது லட்சம் என்று போடாதீர்கள். படிக்கிறவருக்கு முதல் பக்கத்திலேயே சலித்துவிடும்.

"சார் வரட்டும்" என்பதற்கு நீங்கள் பதில் சொல்லவே வேண்டியதில்லை. ஜாப் கார்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் வாடிக்கையாளர். போகும்போது மட்டும் இரண்டு பேராகப் போங்கள். தம்பியை அழைத்துச் செல்லுங்கள், வீடியோ எடுக்கும் வேலையை அவரிடம் கொடுங்கள். கை வேலையில் இருந்தால் கோபம் குறையும்.

வண்டி சரியாகி வந்த பிறகு முதல் ஆயிலைப் பத்தாயிரம் கி.மீ. வரை ஓட்ட வேண்டாம். ஆயிரத்திலேயே மாற்றி, இறக்கிய ஃபில்டரை வெட்டி வெயிலில் பிடித்துப் பாருங்கள். மடிப்புக்குள் ஜிகினாப்பொடி மாதிரி மினுங்கினால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.